நாண் சைலன்சர்: எதை வாங்குவது, எங்கே கட்டுவது?

கேள்வி இதுதான். ஒஹாயோவில் இருக்கும் ஒருவர் 58 இன்ச் ரிகர்வ் வில் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) வாங்கியிருக்கிறார். 28 இன்ச் இழுப்பில் 45 பவுண்டு விசை. அம்பு ஒவ்வொன்றும் 340 கிரெயின், அதாவது ஏறக்குறைய 22 கிராம். விட்டதும் நாண் "டங்" என்று கத்துகிறது. செப்டம்பர் கடைசியில் மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்குள் அதை அடக்க வேண்டும். நாணில் கட்டிச் சத்தத்தை அடக்கும் சைலன்சராகக் கடையில் பீவர் ரோமம், கம்பளி உருண்டை, ரப்பர் மூன்றும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம், நாணில் எங்கே கட்டலாம், வேகம் எவ்வளவு போகும் என்று கேட்கிறார்.

"ஒரு முனையிலிருந்து கால் பங்கில் ஒன்று, மறு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒன்று." வில் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வரிதான் வரும். தப்பில்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண் போய் நின்ற இடம் அந்த 340 கிரெயின். சைலன்சரைப் பற்றிப் பேசுமுன் அதைப் பேச வேண்டும்.

வில்லை இழுக்கும்போது சேமித்த ஆற்றல் முழுதும் அம்புக்குப் போவதில்லை. லிம்பையும் (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதி) நாணையும் நகர்த்துவதற்கும் ஒரு பங்கு செலவாகிறது. அம்பு கிளம்பிய பிறகு அந்தப் பங்கு எங்கும் போக வழியில்லாமல் வில்லிலேயே நின்று நடுக்கமாகவும் சத்தமாகவும் வெளியே வருகிறது. 1930களில் அமெரிக்காவில் வில்லை இயற்பியலாக ஆராய்ந்த பால் கிளாப்ஸ்டெக் இதைக் கணக்கிட எளிய வழி ஒன்றைச் சொன்னார்: அம்போடு சேர்ந்து ஒரு கற்பனை எடையும் பறப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வில்லுக்கு அந்தக் கற்பனை எடை 150 கிரெயின் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 340 கிரெயின் அம்புக்குப் போவது 490-இல் 340 பங்கு, அதாவது 69 சதவீதம். மிச்சம் 31 சதவீதம் வில்லுக்குள்ளேயே கிடந்து கத்துகிறது. அம்பை 450 கிரெயினாக்கினால் 75 சதவீதம் அம்போடு போய்விடும், மிஞ்சுவது 25. கத்துவதற்கு இருந்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு சைலன்சரும் கட்டாமலே காணாமல் போகிறது.

வேகம் குறையும்தான். 190 அடி போன அம்பு நொடிக்கு 172 அடியாக இறங்கும். வேட்டைக்கு அது நஷ்டமில்லை, கனமான அம்பு நன்றாக ஊடுருவும். ஒரு பவுண்டு இழுப்புக்கு 9 முதல் 10 கிரெயின் அம்பு என்பது இந்த வகை வில்லில் பலரும் வந்து நிற்கிற கணக்கு. உங்களுக்கு அது 405-க்கும் 450-க்கும் நடுவில் வரும். முனையில் 100 கிரெயினுக்குப் பதில் 200 கிரெயின் போட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: முனை கனத்தால் அம்பு கிளம்பும்போது அதிகமாக வளையும். அதே தண்டு ஒத்துவராமல் போகலாம். இறகில்லாத அம்பு ஒன்றை விட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

அடுத்தது நாக். அம்பின் வால் நாணைக் கவ்வுகிற பிடி இறுக்கமாக இருந்தால் பிரியும்போது "டிக்" என்று கேட்கும். வில்லைப் படுக்கை வசத்தில் பிடித்து, அம்பை நாணில் மாட்டித் தொங்கவிடுங்கள். தானாக விழக் கூடாது. நாணை விரலால் லேசாகச் சுண்டினால் விழ வேண்டும். நான் முதல் வருஷம் நாலு ரப்பர் சைலன்சர் கட்டியும் சத்தம் அடங்காமல் வில்லையே விற்கப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் நாணின் நடுவில் சுற்றியிருந்த நூல் தடித்துப் போய் நாக் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய நூலால் சுற்றியதும் பாதிச் சத்தம் போயிற்று. வில்லை விற்கவில்லை.

பிரேஸ் ஹைட்டும் அப்படித்தான். நாணேற்றிய வில்லில் பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம் அது. 58 இன்ச் ரிகர்வுக்கு ஏழரையிலிருந்து எட்டரை இன்ச் வரை பொதுவாக ஒத்துவரும். உங்கள் வில்லோடு வந்த தாளில் என்ன எல்லை போட்டிருக்கிறார்களோ அதற்குள் நில்லுங்கள். கீழ் எல்லையில் தொடங்கி, நாணை நாலைந்து முறுக்கு கூட்டி, மூன்று அம்பு விட்டுக் கேளுங்கள். திரும்ப முறுக்கு, திரும்பக் கேள். ஏதோ ஓர் இடத்தில் வில் சட்டென்று வாய்மூடும். அந்த இடத்தை அளந்து லிம்பின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். சைலன்சர் கட்டும் வேலை அதற்குப் பிறகு.

ரிகர்வ் வில்லுக்கு மட்டும் உள்ள ஒரு சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். லிம்பின் நுனி வெளிப்பக்கம் வளைந்திருப்பதால், நாண் அந்த வளைவில் இரண்டு மூன்று இன்ச் படிந்து கிடக்கும். இழுக்கும்போது அங்கிருந்து எழும், விட்டதும் வந்து அறையும். "பட்" என்ற அந்த அறை நாணின் நடுக்கம் இல்லை. அதனால் எந்தச் சைலன்சரும் அதைத் தொடாது. நாண் படிகிற பள்ளத்தில் பின்புறம் பசையுள்ள மெல்லிய துணியோ, வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கமோ ஓர் இரண்டு இன்ச் ஒட்டினால் போதும். நுனி வளையாத நீள வில்லான லாங்போவில் நாண் நுனியை மட்டும்தான் தொடுகிறது. அதை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சமிருப்பது நாணின் ரீங்காரம். சைலன்சருக்கு வேலை இங்கேதான்.

வீணையோ வயலினோ தொட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தந்தியை மீட்டிவிட்டு நட்டநடுவில் விரலை லேசாக வைத்தால் ஆதார சுருதி செத்துவிடும், அதன் மேல்ஸ்தாயி மட்டும் தெளிவாக நிற்கும். ஏனென்றால் தந்தி இரண்டு பாதியாகப் பிரிந்து அதிரும்போது நடுப்புள்ளி அசைவதே இல்லை. அசையாத இடத்தில் விரல் வைத்து என்ன பயன்? மூன்றில் ஒரு பங்கில் விரல் வைத்தால் மூன்றாகப் பிரிந்து அதிர்வது தப்பித்துக்கொள்ளும். கால் பங்கில் வைத்தால் நாலாகப் பிரிந்து அதிர்வது தப்பிக்கும். நாண் சைலன்சர் என்பது நாணைத் தொட்டுக்கொண்டே இருக்கும் மெத்தென்ற விரல், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஒரு வரி விதியைத் திரும்பப் பாருங்கள். கால் பங்கில் உள்ள சைலன்சர் இரண்டாக அதிர்வதை நேர் வயிற்றில், அதாவது அது அதிகமாக அசையும் இடத்தில் பிடிக்கிறது, நாலாக அதிர்வதை விட்டுவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கில் உள்ளது அந்த நாலைப் பிடிக்கிறது, மூன்றை விடுகிறது. அந்த மூன்றை முதலாவது பிடித்துவிடும். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து கோட்டை விடுவது பன்னிரண்டாகப் பிரிகிற அதிர்வில்தான். அது அப்படியொன்றும் காதில் விழப்போவதில்லை. இரண்டையும் இரு பக்கமும் ஒரே தூரத்தில், கால் பங்கிலேயே கட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே அதிர்வைத்தான் தப்பவிடும்.

அளக்கும்போது ஒரு விஷயம். பலர் லிம்பின் நுனியில் மாட்டும் கண்ணியிலிருந்து கண்ணி வரை நாணின் முழு நீளத்தை அளந்து பிரிக்கிறார்கள். ரிகர்வில் நாண் லிம்பை விட்டு எழுகிற இடத்திலிருந்துதான் அதிரும் பகுதி தொடங்குகிறது. அங்கிருந்து அளப்பதே சரி என்பது என் கட்சி. உங்கள் வில்லுக்கு நாண் ஏறக்குறைய 54 இன்ச் இருக்கும். இரு பக்கமும் 3 இன்ச் படிந்து கிடந்தால் அதிர்வது 48 இன்ச். கால் பங்கு 12, மூன்றில் ஒரு பங்கு 16. மேலே லிம்பை விட்டு நாண் எழும் இடத்திலிருந்து 12 இன்ச்சில் ஒன்று, கீழே அதே மாதிரி 16 இன்ச்சில் ஒன்று என்று ஆரம்பியுங்கள். மேல் கீழ் மாற்றிக் கட்டினாலும் இயற்பியலுக்கு ஒன்றுதான். கண்ணுக்கு அருகில் ரோமம் ஆடுவது எனக்குப் பிடிக்காது, அதனால் நடுவுக்கு நெருங்கியதைக் கீழே போடுகிறேன்.

அங்கேயே முடிச்சை இறுக்கிவிடாதீர்கள். கட்டும் பொருளே ஓர் இன்ச், இரண்டு இன்ச் அகலம் இருக்கும்போது நூலிழைக் கணக்கில் அர்த்தமில்லை. அரை அரை இன்ச்சாக நகர்த்தி, காதுக்கு எது பிடிக்கிறதோ அங்கே விடுங்கள். உங்கள் காதை மட்டும் நம்பவும் வேண்டாம். நாண் உங்கள் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, மானின் காதோ இருபது கஜம் தள்ளி இருக்கிறது. கைபேசியைப் பதினைந்து கஜத்தில், இலக்குக்கு நன்றாக விலகிய ஒரு மரத்தின் பின்னால் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு மாற்றத்தையும் ஒப்பிட்டுக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கைக்குப் பக்கத்தில் பெரிதாகக் கேட்ட ஒன்று அங்கே கேட்கவே கேட்காது. வேறொன்று தெளிவாகக் கேட்கும். ஆர்வக்கோளாறில் அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுக் கேட்டுவிடாதீர்கள். ஆற்றல் முழுதும் லிம்புக்கே திரும்பும். வில் உடையும், கையில் குத்தும்.

வேகக் கணக்குக்கு வருகிறேன். சைலன்சரின் எடையைவிட அது இருக்கும் இடம்தான் வேகத்தைத் தின்கிறது. நாணின் நடுப்பகுதி அம்பின் வேகத்தில் பாய்கிறது. முனை கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கிறது. கால் பங்கில் உள்ள புள்ளி அம்பின் பாதி வேகத்தில் போகும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அங்கே கட்டிய எடையில் நாலில் ஒரு பங்குதான் அம்பில் ஏற்றிய எடைக்குச் சமம். மூன்றில் ஒரு பங்கில் அது ஒன்பதில் நாலு. தலா 20 கிரெயின், அதாவது ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல் உள்ள இரண்டைக் கட்டினால் அம்பில் 5-உம் 9-உம் சேர்ந்து 14 கிரெயின் கூட்டியது மாதிரி. மேலே சொன்ன 450 கிரெயின் அம்பில் 172 அடி வேகம் 170 ஆகும். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கனமான ரப்பர் நாலை நடுவுக்கு நெருக்கமாகக் கட்டுபவர்கள் "வில் சோம்பலாகிவிட்டது" என்று புலம்புவதற்கும் இதே கணக்குதான் காரணம்.

பொருளில் எனக்குப் பிடித்தது பீவர் ரோமம். தண்ணீரிலேயே வாழும் பிராணி. அதன் ரோமம் மழையிலும் பனியிலும் நனைந்து ஊறாமல் உதறிவிடும். கனமும் இல்லை. கால் இன்ச் அகலத்தில் நீளவாக்கில் வெட்டிய பட்டையாக வருகிறது. குறை என்றால், புதருக்குள் நடந்தால் நாயுருவி மாதிரி ஒட்டுகிற முள்விதைகள் எல்லாம் அதில் வந்து குடியேறும். நீர்நாய் ரோமமும் இதே குணம்தான், சிலர் அதுதான் உசத்தி என்பார்கள். வட அமெரிக்க நீர்நாய் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதைக் கட்டிய வில்லோடு எல்லை தாண்டினால் அனுமதித்தாள் கேட்பார்கள். இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். நம் காவிரியில் இருக்கும் நீர்நாய்க்கு 2019-லிருந்து வணிகமே கூடாது என்கிற முதல் பட்டியலில் இடம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அங்கே வேட்டைக்கும் இடமில்லை. பலகையில் எய்பவர்களுக்குக் கம்பளி நூல் தாராளம்.

கம்பளி உருண்டை மலிவு. வீட்டிலேயே செய்யலாம், அடக்குவதிலும் ரோமத்துக்குக் குறைவில்லை. மூன்று இன்ச் நீளத்தில் இருபது முப்பது துண்டு வெட்டி, நாண் இழைகளுக்கு நடுவில் செருகி, இரு பக்கமும் நூலால் கட்டி, சீப்பால் வாரிவிட்டால் பூ மாதிரி விரியும். மழையில் மட்டும் குடித்துக் கனத்துவிடும். அம்பு தாழப் போவது முதல் அடையாளம், முகத்தில் தெறிக்கும் தண்ணீர் இரண்டாவது.

ரப்பர் ஊறாது, முள் ஒட்டாது, ஒரு நிமிஷத்தில் கட்டிவிடலாம். அது கனம் கூட. வெயிலில் வருஷா வருஷம் வெடித்து உதிரும். மெல்லிய ரப்பர் இழைகள் சில வில்லில் தாங்களே படபடக்கும். தராசில் வைக்காமல் வாங்காதீர்கள். ஈரமான ஊரில் பருவம் முழுக்கக் காட்டில் இருப்பவர் என்றால் ரப்பரோ பீவரோ. உங்களுக்கு நான் சொல்வது பீவர்.

கட்டும் முறை. முதலில் பிரேஸ் ஹைட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாணேற்றிய நிலையிலேயே இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, நாணேற்றி என்ற கயிற்றுக் கருவியால் வில்லைத் தளர்த்துங்கள். குறித்த இடத்தில் முறுக்கைத் தளர்த்தி, இழைகளைச் சரிபாதியாகப் பிரித்து, ரோமப் பட்டையின் ஒரு நுனியை உள்ளே செருகுங்கள். பட்டையை நாணைச் சுற்றி மேல்நோக்கிச் சுருளாகச் சுற்றி, மறு நுனியையும் அதே மாதிரி இழைக்குள் செருகுங்கள். தோல் பக்கம் நாணை ஒட்டி இருக்கட்டும். இறுக்கிச் சுற்றினால் ரோமம் படுத்துவிடும், அடக்கும் சக்தி போய்விடும். கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். திரும்ப நாணேற்றி அளந்தால் பிரேஸ் ஹைட் மாறியிருக்கும். முறுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதை விட்டுவிட்டு "சைலன்சர் போட்டதும் சத்தம் கூடிவிட்டது" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். இழைகளைப் பிரிக்கக் கத்தி முனையைத் தொடவே வேண்டாம், குச்சி போதும்.

நாண் எந்த இழையில் செய்தது என்றும் பாருங்கள். டேக்ரான் கொஞ்சம் நீளும், அதனால் இயல்பாகவே சாதுவானது. ஃபாஸ்ட் ஃபிளைட் வகை இழை நீளாது. வேகம் தரும், குரலும் கீச்சென்று உயரும். உங்கள் வில்லின் நுனி அதற்காகப் பலப்படுத்தப்பட்டதா என்று தெரியாமல் அந்த நாணுக்கு மாறாதீர்கள். பழைய வில்லில் நுனியே பிளந்துபோகும்.

போட்டிக்கும் இதே வில்லைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இன்னொரு சங்கதி. அமெரிக்கக் களப்போட்டி விதிகளில், பாரம்பரிய வில் பிரிவில் சைலன்சர் நாக்கிங் பாயிண்டிலிருந்து (நாணில் அம்பை மாட்டும் இடம்) 12 இன்ச்சுக்குள் வரக் கூடாது. நாணில் உள்ள குஞ்சத்தைக் குறிபார்க்கவோ, முகத்தில் தொட்டு இழுப்பை அளக்கவோ பயன்படுத்திக்கொள்ளலாம் அல்லவா. இப்போது நம் விதியைப் போட்டுப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது நடுவிலிருந்து ஆறில் ஒரு பங்கு தூரம். உங்கள் 48 இன்ச்சில் அது 8 இன்ச்! நாண் 72 இன்ச் இருந்தால்தான் 12 இன்ச் கிடைக்கும். அவ்வளவு நீள நாண் யாரிடம் இருக்கிறது? நாக்கிங் பாயிண்ட் நட்டநடுவுக்குச் சற்று மேலே இருப்பதால் உங்கள் மேல் சைலன்சரும் 12-க்குள் வந்துவிடும். போட்டிக்கு இரண்டையும் முனைப் பக்கம் தள்ளி, மேலே ஐந்தில் ஒரு பங்கிலும் கீழே கால் பங்கிலும் கட்டுங்கள். ஒன்று விட்டதை ஒன்று பிடிக்கும் சூத்திரம் அங்கேயும் செல்லும், வேக இழப்பும் குறைவு. அடிநாத அதிர்வு மட்டும் கொஞ்சம் தப்பிக்கும். பலகை ஓடப்போவதில்லை, விடுங்கள்.

ஓடுவது மான். வெண்வால் மான் நாண் சத்தம் கேட்டதும் பாய்வதற்காக முதலில் காலை மடக்கித் தாழும். இருபது கஜத்தில் சத்தம் அதன் காதுக்குப் போக ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். 170 அடி வேக அம்புக்கு 0.35 நொடி. நடுவில் மானுக்குக் கிடைப்பது 0.3 நொடி. அதில் பாதி திடுக்கிடுவதற்கே போனாலும், மீதிப் பாதியில் உடல் வெறுமனே விழுந்தாலே நாலு இன்ச் இறங்கிவிடும். எந்த வில்லும் இந்த ஓட்டத்தில் சத்தத்தை முந்தாது. சைலன்சரால் மானின் காதை அடைக்கவும் முடியாது. அதனால் ஆவது ஒன்றுதான்: "டங்" என்ற கீச்சுக் குரலை "தொப்" என்று ஒரு பழம் விழுந்த மாதிரி ஆக்குவது. இரை மேய்ந்துகொண்டிருக்கும் மான் அதற்குத் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஏற்கெனவே விறைத்து நிற்கும் மான் எதற்கும் தாழும், அதை விட்டுவிடுங்கள். இருபது கஜத்துக்கு மேல் எய்யவும் வேண்டாம்.

நம் தமிழில் வில்லுக்குச் "சிலை" என்று பெயர். சிலைத்தல் என்றால் முழங்குதல். நாணொலி கேட்டே எதிரி நடுங்கினான் என்று பாடிய மரபு நமக்கு. ஜப்பானில் இன்றும் கியூடோ என்ற வில்வித்தை பயில்பவர்கள் நாணோசையை "ட்சுருனே" என்று பெயரிட்டு ரசிக்கிறார்கள், அந்த வில்லில் ரோமம் கட்டினால் அடிக்க வருவார்கள். வேட்டைக்காரனுக்குத்தான் ஊமை வில் வேண்டும். பருவம் முடிந்ததும் நான் இரண்டாவது நாண் ஒன்றை ஏற்றிக்கொள்வேன். அதில் ஒன்றும் கட்டியிருக்க மாட்டேன். கொல்லையில் பலகைக்கு எய்யும்போது அது பாடிவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு வேலை வரிசை: இந்த வாரம் முனையை மாற்றி, நாக் பிடியைச் சரிபாருங்கள், அடுத்த வாரம் பிரேஸ் ஹைட், பிறகு லிம்ப் துணி. அதற்கப்புறமும் ரீங்காரம் இருந்தால் இரண்டே இரண்டு பீவர் பட்டை. பருவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கட்டியது கட்டியபடி வேட்டை முனையோடு எய்து பழகுங்கள். சைலன்சர் நகர்ந்தாலே அம்பு விழும் இடமும் கொஞ்சம் நகரும்.